சந்திராவுக்கு ஒரு மாம்பழ ஆட்டம்

இந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்குத் தெருவுக்கு வரப்போவதில்லை என்று சந்திரா சித்திரையிலேயே சொல்லிவிட்டாள். திருவிழா ஆனியில்தானே, அதற்குள் மனசு மாறிவிடும் என்று சசிதரன் சும்மா இருந்தான். சந்திராவின் மனசு அப்படி மாறுகிற ரகம் இல்லை என்பது ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணம் அவர்கள் குடியிருந்த தலத்தெருவுக்கே தெரியும். பிச்சாண்டவர் சப்பரம் காரைக்கால் வீதியில் வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடிகளில் நின்று மாம்பழம் இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் பிடிப்பார்கள். பிள்ளை இல்லாதவள் அந்தப் பழத்தைத் தின்றால் பிள்ளை உண்டாகும் என்று நம்பிக்கை. கல்யாணமான வருஷத்திலிருந்து சந்திரா முந்தானை ஏந்தி, கூட்டத்தில் இடிபட்டு, பழம் பிடித்துத் தின்றுகொண்டுதான் இருந்தாள். பழம் என்னவோ இனித்தது. பக்கத்து வீட்டுக் காசியம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அடுத்த வருஷம் பாக்கலாம், விடு” என்பாள். காசியம்மா கெட்டவள் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள், அவ்வளவுதான்.

“மாம்பழம் வேணும்னா கடையில வாங்கித் தின்னுக்கிறேன். ஊரே வந்து பாத்துட்டுப் போக என் வயிறு என்ன தேரா?” என்றாள் சந்திரா.

பழம் கைக்கு வந்ததும் அவள் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதிப்பாள். அந்தக் குதிக்காகவே சசிதரன் வருஷம் முழுக்கக் காத்திருப்பான். பிள்ளை இல்லாத குறையை அவன் எப்படியோ தாங்கப் பழகியிருந்தான். அந்தச் சந்தோஷமும் வீட்டைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவள் தெருவுக்கு வராவிட்டால் தெருவை அவள் கைக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவுகட்டினான். செல்போனில் மாம்பழம் பிடிக்கிற கேம்.

சசிதரன் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். எந்தப் போனையும் கழற்றி மாட்டத் தெரியும். போனுக்குள் ஓடும் கேமை எதில், எப்படிச் செய்கிறார்கள் என்பது மட்டும் சுத்தமாகத் தெரியாது. அது பட்டன் போன் காலம், இரண்டாயிரத்து ஏழு. அவன் நேரே போய் நின்றது, சப்பரம் வரும் வீதியிலேயே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தாவூதிடம். தாவூது பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி வகுப்புக்குப் பாதி மாதம் போய்விட்டு வந்து, மீதி ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

சசிதரன் கடை சாத்தியபின் தினமும் அங்கே போய் உட்கார்ந்தான். இணையத்தில் கிடைத்த பாடத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாக அடித்தான். கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே ஒரு பொம்மை போன் வரும். அதில் மாம்பழம் ஒன்று மேலிருந்து கீழே கூடைக்குள் விழுந்த அன்று, இருவரும் எதிர்க்கடையில் டீ சொல்லிக் கொண்டாடினார்கள். மறுநாள் சசிதரன் தான் அடித்த ஃபைலை அப்படியே புளூடூத்தில் நிஜப் போனுக்கு அனுப்பினான். போன் அதைத் திறக்கவே மறுத்தது.

“அரிசிய அப்படியே தோசைக்கல்லுல கொட்டுனா தோசை வருமாடா மாப்ள? அரைக்கணும், கட்டணும், அப்புறந்தான் போனுக்கு. கட்டுன பொட்டலத்துக்கு ஜார்னு பேரு. அது மேல ஒட்டுற சீட்டு ஜாட்” என்றான் தாவூது.

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“இப்பத்தான ஞாபகம் வந்துச்சு.”

பொட்டலம் கட்டியும் போன் இறங்கி வரவில்லை. தப்பான ஃபைல் என்று ஒரே பிடியாக நின்றது. சசிதரன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஓர் இணைய மன்றத்தில் கேள்வி போட்டான். முதலில் வந்தவன், இதுகூடத் தெரியாமல் ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று திட்டிவிட்டுப் போனான். இரண்டாவதாக வந்த புண்ணியவான்தான் விஷயத்தைச் சொன்னான். பொட்டலம் எத்தனை பைட் என்று சீட்டில் எழுதியிருக்கிறதே, அதைச் சரிபார்த்தாயா? சசிதரன் நடுவில் மாம்பழப் படத்தைப் பெரிதாக்கியிருந்தான். பொட்டலம் பெருத்துவிட்டது, சீட்டில் பழைய அளவே இருந்தது. அதைத் திருத்தியதும் போன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

அடுத்தது சோதனை. இதற்கு ஊரிலேயே சசிதரனைவிடக் கொடுத்துவைத்தவன் இல்லை. ரிப்பேருக்கு வந்த போன்கள் விதவிதமாக அவன் மேசையில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கேமை ஏற்றுவான், ஆடிப் பார்ப்பான், அழித்துவிடுவான். ஒரு நாள் ஒன்றில் அழிக்க மறந்துவிட்டான். போனுக்குச் சொந்தக்காரர் மண்டபத்தூர் அருள்ராஜ், விசைப்படகு வைத்திருப்பவர். மைக் கேட்கவில்லை என்று கொடுத்தவர், வாங்கிப்போன இரண்டாம் நாளே திரும்பி வந்தார்.

“தம்பி, மைக்கு நல்லா இருக்கு. இந்தக் கூடைதான் அந்தரத்துல தொங்குது. பழம் அதையும் தாண்டி எங்கயோ போயி விழுது. ராத்திரியெல்லாம் ஒண்ணுகூடப் புடிக்க முடியல!”

அவருடைய போனுக்குத் திரை பெரியது. சசிதரன் தன் சின்னப் போனின் அளவை வைத்துக்கொண்டு கூடையை ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தியிருந்தான். போனிடமே அதன் உயரத்தைக் கேட்டுக்கொள்ளும்படி மாற்றியதும் கூடை தரைக்கு வந்தது. அருள்ராஜ் கேமை அழிக்க விடாமல் போனை வாங்கிக்கொண்டு போனார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. மூன்று பழம் தவறினால் ஆட்டம் முடியும். முடியும்போது ஏதாவது எழுத்து வர வேண்டும், அதுவும் தமிழில். அந்தப் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சசிதரன் விடவில்லை. எழுத்தைப் படமாக வரைந்து உள்ளே வைத்தான். என்ன எழுதலாம் என்று அதிகம் யோசிக்கவும் இல்லை, கை பாட்டுக்கு எழுதிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சந்திராவின் கையில் போனைத் திணித்தான்.

“நாலும் ஆறும் அமுக்கு. கூடை நகரும்.”

“என்னங்க இது, பச்சையா? மாங்காயா?”

“பழந்தான். உள்ள போறதுக்கு எடம் பத்தல, கலரக் கொறச்சுட்டேன்.”

சந்திரா சிரித்தாள். ஒன்று பிடித்தாள். இன்னொன்று பிடித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வேகம் கூடக் கூட உடம்பும் கூடையோடு சேர்ந்து இடமும் வலமுமாக ஆடியது. சசிதரன் பூரித்துப்போய் நின்றான். மூன்றாவது பழம் தவறியது. அவள் திரையைப் பார்த்தாள். போனை மெதுவாகத் தரையில் வைத்தாள். மறுபடி கத்தியை எடுத்துக் கத்திரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள்.

சசிதரன் குனிந்து பார்த்தான். அவன் பாடுபட்டு வரைந்த தமிழ் எழுத்து பளிச்சென்று நின்றது: அடுத்த வருஷம் பாக்கலாம்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஊரிலுள்ள போனிலெல்லாம் சோதித்துப் பார்த்தவன், இதைப் படிக்கப்போகிறவள் யார் என்று ஒரு கணம்கூட நினைத்துப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“அறிவில்லாமப் பண்ணிட்டேன் சந்திரா. இப்பவே அழிச்சுடறேன், மொத்தத்தையும்.”

“நீங்க என்ன வேணும்னா எழுதுனீங்க? ஏழு வருஷமாக் காதுல கெடந்தது கையில வந்துடுச்சு.” அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சசிதரன் அழிப்பதற்காகப் போனை எடுத்தபோது கையை நீட்டித் தடுத்தாள். “இருங்க. மேல மாடியில ஒருத்தி நிக்கிறாளே, அவ யாரு?”

“யாரும் இல்ல, சும்மா வரஞ்சது. பழம் எங்கேருந்தோ விழணும்ல.”

“அவள நான் ஓட்ட முடியாதா? கீழ இருக்கற கூடைய விட்டுட்டு?”

சசிதரன் மறுபடி திரையைப் பார்த்தான். முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அன்று சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் மூன்று நாற்காலி போட வேண்டியிருந்தது. சந்திரா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள், சசிதரன் மாற்றிக்கொண்டே வந்தான். மாடியில் நிற்பவள் நகர்ந்தாள், எறிந்தாள், கீழே நின்றவர்கள் ஓடி ஓடிப் பிடித்தார்கள்.

“அதெல்லாஞ் சரிங்க. இதுல தோக்குறது எப்படி? கேம்னா தோக்கணும்ல?” என்றான் தாவூது.

“கூடையில பழம் தீந்தா முடிஞ்சுச்சு. குடுத்து முடிச்சதுல தோக்குறதுக்கு என்னங்க இருக்கு?” என்றாள் சந்திரா.

தாவூது எதிர்க்கடையில் மூன்று டீ சொன்னான்.

புதுப் பொட்டலம் போனுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஆடிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அவன் தோளைத் தட்டினாள்.

“ஏங்க, நெசமாவே எறிஞ்சா என்ன?”

“வேண்டுதல் பலிச்சவங்கதான எறிவாங்க,” என்று சசிதரன் இழுத்தான்.

“ஏழு வருஷமா என்னய யாரு என்ன சொன்னாலும், நீங்க ஒரு வார்த்த சொன்னதில்ல. ஒரு பேச்சுக்குக்கூடச் சொன்னதில்ல. இது பலிச்சதுல சேராதா?”

சசிதரன் வண்டியை ஓரம் கட்டினான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தான். சந்திரா நம்பவில்லை.

மாங்கனி அன்று தாவூது தன் மாடிச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தான் கீழே போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டான். பெரிய கூடை நிறையப் பழம், எடுத்துக் கொடுக்கச் சசிதரன். சப்பரம் கடந்ததும் வீதி முழுக்க மாடிகளிலிருந்து மாம்பழம் பொழிந்தது. சந்திராவின் முதல் பழம் பத்தடிகூடப் போகவில்லை. இரண்டாவது கூட்டத்தின் நடுவில் விழுந்தது. யாரோ ஒரு புதுப்பெண் அதைப் பிடித்து மேலே காட்டினாள். அவ்வளவுதான், சந்திரா குதித்தாள். மொட்டைமாடி அதிரும்படி குதித்தாள்.

கீழே கூட்டத்தில் நின்ற காசியம்மா அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தாள். “அடி சந்திரா! நீயா? பலிச்சுடுச்சா? எத்தன மாசம்?”

நாலு பேர் திரும்பி அண்ணாந்து பார்த்தார்கள். பார்வை எங்கே போகும் என்று சசிதரனுக்குத் தெரியும். அவன் அவளை மறைத்துக்கொண்டு நிற்க ஓர் அடி முன்னால் வைத்தான். சந்திரா அவனைக் கையால் விலக்கிவிட்டுக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, எல்லோருக்கும் தெரியும்படி வந்து நின்றாள்.

“மாசமெல்லாம் ஒண்ணும் இல்ல அத்த! நாங்க நல்லா இருக்கோம், அதுக்குத்தான்! முந்தானையப் புடிங்க!”

காசியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பழம் வந்துகொண்டிருந்ததால் சொல்ல நேரமில்லாமல் முந்தானையை விரித்தாள். சரியாக அதில் போய் விழுந்தது.

சந்திரா பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். ஒன்றும் வரவில்லை. திரும்பினால் சசிதரன் கூடையை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னங்க, மசமசன்னு நிக்கிறீங்க? அடுத்த பழத்தக் குடுங்க!”