விருந்தாளியாக வந்த நெட்டை

1

இப்போதெல்லாம் யாரும் தன் வேலையைத் தானே முழுசாகச் செய்வதில்லை. ஒருத்தன் ராக் குழு வைத்திருப்பான். கிட்டார் வாசிக்க அடுத்த குழுக்காரனைக் கூப்பிடுவான். அந்த அடுத்தவன் ஆல்பம் போடும்போது இவன் போய்ப் பாடிக்கொடுப்பான். அட்டையில் ஒருவர் பெயரை ஒருவர் ‘விருந்தாளி’ என்று போட்டுக்கொள்வார்கள். என்ன விருந்தோ, பச்சைத் தண்ணீர்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து வந்தது. என் மகன் ராக் குழுவில் பாடுகிறவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் குழுவை உடைத்து, டிரம்ஸ்காரனையும் கூட்டிக்கொண்டு போய்த் தனிக்குழு வைத்தவன் நெட்டை. கிட்டாரும் வாசிப்பான், பாடவும் செய்வான். அதே நெட்டையை மகன் விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, அவனை வில்லனாக வைத்துக் கதை எழுத உட்கார்ந்தேன். நான் வெல்டிங் வேலை பார்த்தவன். படிப்பு ஆறாம் வகுப்பு. பிழையை மருமகள் திருத்துகிறாள்.*

* இதுவரை படித்துவிட்டு அவள் கேட்டது: “மாமா, இது கதையா, புகார் மனுவா?”

2

முதல் தொடக்கம்: ‘கருமேகம் சூழ்ந்த பிற்பகலில் அந்தத் துரோகி…’ வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.

இன்னொன்று: ‘அவன் கண்ணில் வஞ்சம்…’ கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணை நான் எங்கே பார்த்தேன்?

சரி, நடந்ததையே எழுதுகிறேன். என் பழைய வெல்டிங் கொட்டகைதான் இப்போது மகனின் ரெக்கார்டிங் அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்து வைத்திருக்கிறான். நெட்டை குனிந்து உள்ளே வந்தான்.

“நல்லா இருக்கீங்களாப்பா?”

“இருக்கேன்.”

“இன்னும் கோவம் போகலையா?”

“கோவத்துக்கெல்லாம் நான் லீவு விடுறதில்ல.”

3

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். பேச்சு திரும்பிவிட்டது. பாட்டில் மேலே ஏறிப் பாடும் அந்த உச்சி திரும்பவில்லை. அதனால் குழுவே சுருதியை ஒரு கட்டை இறக்கி, முன்பைவிடத் தாழ்வாக, பாட்டைப் பதிவு செய்துவிட்டது. நெட்டையின் கிட்டார் மட்டும் பாக்கி. பாட்டு பழையது, ரெண்டு பேரும் ஒன்றாக இருந்தபோது போட்டது. அதனால் ஒத்திகை இல்லை. இறக்கியதை மகன் அவனிடம் சொல்லவும் இல்லை.

ஏனென்றால் பதிலுக்கு மகன் நெட்டையின் ஆல்பத்தில் போய்ப் பாட வேண்டும். “குரல் போச்சுன்னு தெரிஞ்சா கூப்பிட மாட்டான். அவனே கூப்பிடலன்னா வேற எவனும் கூப்பிட மாட்டான். அதோட என் பாட்டு முடிஞ்சுது” என்று மருமகளிடம் அழுதிருக்கிறான்.

(இந்த வரியை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை. கதையே அதில்தான் இருக்கிறது.)

கிட்டாரை எடுத்து வாசித்தால் தெரிந்துவிடாதா? தெரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறான். என் மகன்தான், ஆனாலும் மடையன்.

4

பாட்டை ஓடவிட்டார்கள். நெட்டை வாசித்தான். ஒரே சாக்குக்குள் ரெண்டு பூனை சண்டை போட்ட மாதிரி இருந்தது. பாட்டு கீழே போகிறது, கிட்டார் மேலே நின்று கத்துகிறது. மகன் பாட்டை நிறுத்தினான். தரையைப் பார்த்தான்.

நெட்டை சிரித்தான்.

(மேல் வரியை அடித்துவிடுங்கள். அப்படி எழுத ஆசை. அவன் சிரிக்கவில்லை.)

“எவ்வளவுடா எறக்கியிருக்க?”

“ஒரு கட்டை.”

“தொண்டையா?”

“ம்.”

நெட்டை கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தான். “அப்பாடா! டேய், நான் மூணு வருஷமா ஒன்னரை எறக்கித்தான்டா பாடிட்டிருக்கேன்.”

“பின்ன ஏன்டா இன்னைக்குப் பழைய சுருதியில வாசிச்ச?”

“உன் ரெக்கார்டிங்காச்சே. எறக்கலாமான்னு கேட்டா, கெழடு தட்டிருச்சுன்னு ஓட்டுவ. ஒரு வாரமா கம்பிய முறுக்கி முறுக்கிப் பழகினேன். ரெண்டு கம்பி அறுந்துபோச்சு. விரலப் பாரு, தோலே உரிஞ்சிருக்கு.”

“உன் பாட்டுல எனக்கு அந்த உச்சி வராதுடா.”

“யாரு கேட்டா? நீ வந்து ‘ஏத்து, ஏத்து’ன்னு நிப்பியேன்னு நான்தான் பயந்துட்டிருந்தேன். கீழயே பாடு சாமி.”

மகன் வாய்விட்டுச் சிரித்தான். ஏழு மாதத்தில் முதல் தடவை. சிரிப்பும் ஒரு கட்டை இறங்கித்தான் வந்தது. நெட்டை ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினான். எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ…

(இதை முடிக்கமாட்டேன். எனக்கு வில்லன் வேண்டியிருந்தது.)

5

முடிவு என்னிடம் இல்லை. நெட்டை சொன்னபடி மகனைப் பாடக் கூப்பிடலாம். கூப்பிடாமலே இருக்கலாம். இல்லாவிட்டால் பாட வைத்துவிட்டு, ஆல்பத்தில் வேறொருத்தன் குரலைப் போடலாம். முதலாவதுதான் என்று மருமகள் அடித்துச் சொல்கிறாள். எனக்குக் கடைசிதான் உலக நடப்பாகத் தெரிகிறது. உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள்.

“அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை இவன் எங்க ரெக்கார்டிங்குக்கு வர்றான். நீங்களும் வாங்க” என்றான் நெட்டை, அன்றைக்குக் கம்பியெல்லாம் தளர்த்தி முடித்ததும்.

“நான் எதுக்கு?”

“சாட்சிக்கு.”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே நடந்தேன். பின்னால் பாட்டு மறுபடி ஓடியது. இந்தத் தடவை கிட்டார் அதன்மேல் சரியாக உட்கார்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதற்காக? கிட்டார் நன்றாக வாசித்தால் ஆளும் நல்லவன் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?