வாயால் சொன்னது செல்லும்

“அம்மா, அங்க போய் அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாத.”

“எந்த வார்த்தைடி?”

“சரிங்கிறதை.”

“சரி.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “பாத்தியா! வாயைத் திறந்தா அதுதான் வருது. உனக்கு மூச்சு விடுற மாதிரி ஆகிப்போச்சு அது.”

பொய்யில்லை. மருத்துவமனைச் சலவை அறையில் மேற்பார்வையாளர் எது கேட்டாலும் சரி. வீட்டில் வெல்டர் புருஷன் எது சொன்னாலும் சரி. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து அதிகமாக வெளிவந்தது அந்த ஒற்றைச் சொல்தான்.

தொழிற்பேட்டை மன்றத்தில் வருடத்துக்கு ஒருமுறை போக்கர் சீட்டாட்டப் போட்டி நடக்கும். காசு பணம் கிடையாது, ஒரு கோப்பை மட்டும். எதிராளி பந்தயமாக வைத்த சில்லுகளின் அளவுக்கு நாமும் வைக்கிறோம் என்றால் அங்கே “சரி” என்பார்கள். நடுவராக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்: ‘தன் முறையில் வாயால் சொன்னது செல்லும். திரும்பப் பெற முடியாது.’

வெல்டருக்கு அங்கே புல்டோசர் என்று பெயர். கையில் என்ன சீட்டு என்று பார்ப்பதற்குள் சில்லுகளைத் தள்ளிவிடுவார். பயந்தவன் சீட்டை எறிவான், புல்டோசர் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வீட்டிலும் ஆட்டம் உண்டு. தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே அவள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் பேச்சு வந்தது. மகளுக்கு வெளியூரில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவரோ லாரிக்காரர் மகனுக்கு அவளைக் கட்டிவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

“அவ படிக்கட்டுமேங்க.”

“நீ எப்பலேருந்து பேச ஆரம்பிச்ச?”

நண்பர்கள் சிரித்தார்கள். “தங்கச்சி ஆட்டமே ஆடும் போலிருக்கே!” என்றார் ஒருவர்.

“ஆடட்டும். போட்டியில இவ என்னைவிட ஒரு நிமிஷம் கூட உக்காந்திருந்தான்னா, பொண்ணு படிக்கப் போகட்டும். இல்லைன்னா லாரிக்காரர் வீடு. நாலு பேர் சாட்சி, போதுமா?”

போதும் என்று அவள் நினைத்தாள். நாலு பேர் முன்னால் சொன்னதை அவர் மாற்றமாட்டார், ரோஷக்காரர்.

போட்டியன்று சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு அவருடைய இடப்பக்க நாற்காலி விழுந்தது. அவர் தள்ளிய பிறகே அவள் முடிவு சொல்ல வேண்டும். அதைவிட நல்ல இடம் அந்த மேஜையில் கிடையாது.

அவளிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கத்துகிறவரோடு கூடக் கத்தக் கூடாது. மிரட்டுகிறவரை மிரட்டப் போகக் கூடாது. மட்டமான சீட்டு வந்தால் எறிந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நல்லது வந்தாலும் முகத்தில் காட்டாமல், அவரே கொட்டட்டும் என்று விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் அவள் சீட்டாட்டத்தில் படிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் மேஜையில் இருந்த ஆறு பேரில் நாலு பேர் சில்லுகள் தீர்ந்து எழுந்துவிட்டார்கள். அவரோடு மல்லுக்கட்டியவர்கள் அத்தனை பேரும் போனார்கள். மிச்சம் புருஷனும் பெண்டாட்டியும். இரண்டே பேர் என்றால் முதலில் ஆடும் முறை மாறி மாறி வரும். அவரிடம் மூன்று பங்கு, அவளிடம் ஒரு பங்கு.

“என்னடி, எந்திரிக்கிறியா?”

அவள் தன் சீட்டைப் பார்த்தாள். கையில் இரண்டு ராஜா. இருவருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்று சீட்டில் இன்னொரு ராஜா. அவள் விரல் முட்டியால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள். நான் எதுவும் வைக்கவில்லை, ஆனால் சீட்டை எறியவும் இல்லை, ஆட்டத்தில்தான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அவர் தள்ளினார். அவள் வாய் திறக்காமல் அதே அளவு எடுத்து வைத்தாள். நாலாவது சீட்டு விழுந்தது. மறுபடி இரண்டு தட்டு. மறுபடி தள்ளினார், மறுபடி வைத்தாள். ஐந்தாவதுக்கும் இரண்டு தட்டு.

“கதவையா தட்டுற? யாரும் தொறக்க மாட்டாங்க,” என்று சிரித்து, அவளிடம் மிச்சமிருந்தது முழுவதையும் கேட்டார்.

அவள் இரண்டு கையாலும் குவியலை முன்னே நகர்த்திவிட்டு ராஜாக்களைத் திருப்பினாள். மண்டபம் ‘ஓ’ என்று கத்தியது. இப்போது இரண்டு பேர் முன்னாலும் ஒரே உயரம்.

புல்டோசர் சிரிக்கவில்லை. கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்து அவளுக்கு வந்தது ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான கை இல்லை. எறிய வேண்டியதுதான், நஷ்டம் சொற்பம். அவர் சீட்டைப் பார்த்தார். வழக்கம்போல மொத்தத்தையும் தள்ளினார். நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தார். பிறகு அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில், வெல்டிங் பட்டறையிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது வரும் குரலில் கேட்டார்:

“பசிக்குதுடி. வீட்டுக்குப் போலாமா?”

“சரி.”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது.

“அது வீட்டுப் பேச்சுய்யா! ஆட்டத்துக்குச் சொல்லலை!” என்று பின்னாலிருந்து ஒருவர் குதித்தார்.

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். “அவங்க முறைய்யா. அவங்க முறையில வாயால வந்திருச்சு. நான் எழுதி ஒட்டினதை நானே கிழிக்க முடியாது.”

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். தந்திரமாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்த முகம் திகைத்துப் போயிருந்தது. அவர் நிஜமாகவே பசிக்குது என்றுதான் சொல்லியிருக்கிறார். தினமும் கேட்பதுபோல் கேட்டார், தினமும் சொல்வதுபோல் அவள் சொன்னாள். அவ்வளவுதான்.

அவர் ராணியும் நாலும் காட்டினார். விரித்த மூன்றில் ஒரு ஏழு விழுந்தது. ஜோடி சேர்ந்து அவள் முந்திக்கொண்டாள். நாலாவது ஒன்றுக்கும் உதவாத சீட்டு. ஐந்தாவது ராணி; அவருக்கு அதைவிடப் பெரிய ஜோடி.

வீடு வரைக்கும் அவர் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மகள் கூடத்தில் நின்றிருந்தாள். கோப்பை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லிட்டியாம்மா?”

அவள் தலையாட்டினாள்.

“என்ன சொல்லணும்? தோத்தாச்சு, பேச்சு பேச்சுதான்,” என்றார் வெல்டர். “புதன்கிழமை வரச் சொல்லி லாரிக்காரருக்குத் தகவல் குடுத்துடறேன். சரியா?”

வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜை பக்கத்தில்தான் இருந்தது. விரல் முட்டியால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“என்னடி அது? வாயைத் தொறந்து சொல்லு.”

மறுபடி இரண்டு தட்டு.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். வெல்டர் கோப்பையைத் தரையில் வைத்தார். திரும்பிப் போய், நாலு பேர் கண்ணில் படாதபடி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.