கடை வாசலில் நின்ற பரிசு வேன்

உரித்த ஆடுகள் இரண்டைத் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வாயில் கடைச் சாவியைக் கவ்வியபடி வருவாள் என் அக்கா. சந்தையில் அவளுக்கு டேங்கர் என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்கே பிடித்துப்போய்விட்டது. "டேங்கர் வருது, ஒதுங்கு, ஒதுங்கு" என்று தானே கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவாள். அப்பா விட்டுப்போன கறிக்கடையை நாங்கள் இருவரும் நடத்திவந்தோம். வெட்டுவது அவள். எலும்பு நீக்கி, சவ்வு எடுத்து, கட்டிக் கொடுப்பது நான்.

அத்தான் வேறொருவருடைய பள்ளி வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். குரலும் ஒல்லி. வானிலையில் பேச்சை ஆரம்பித்தாலும் சொந்த வேனில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். அக்கா மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவள் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தால் முதுகு பிடித்துவிடுவார். ஆனால் அந்த ஆசை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தொலைக்காட்சியில் 'உருகினால் உனக்கே' என்ற நிகழ்ச்சி ஆரம்பமானது. பெயர்பெற்ற நடிகை ஒருத்தி, தன் இடுப்பின் ரகசியம் என்று ஒரு பச்சைத் தூளைக் காட்டினாள். மூன்று வேளையும் அதைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பசித்தால் வேகவைத்த கீரை. வேறு எதுவும் வாயில் படக்கூடாது. பருமனானவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கேட்கும் பொருளை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சொன்ன எடைக்கு இறங்கினால் பொருள் அவர்களுக்கு. அத்தான் யாரிடமும் மூச்சுவிடாமல் அக்காவின் படத்தை அனுப்பிவிட்டார்.

ஒருநாள் காலையில் கேமராவும் விளக்குமாக ஒரு பட்டாளமே கடைக்கு வந்து இறங்கியது. தலைவர் ஒரு தாடிக்காரர். அக்காவை ஆடு சுமந்து நடக்கச் சொன்னார். மறுபடி நடக்கச் சொன்னார். அவளுக்கு மூச்சு வாங்கும்வரை நடக்கவிட்டுப் படம் பிடித்தார். அது ஒளிபரப்பானபோது, அவள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் யானை பிளிறும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். டீக்கடையில் கூட்டமாகப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் ஒருவன் கடை வாசலில் நின்று பிளிறினான். அக்கா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, ஆடு தொங்கும் கொக்கியில் காலரை மாட்டிவிட்டாள்.

"இப்பப் பிளிறுடா, கேப்போம்."

அவன் கால் தரையில் படாமல் உதறிக்கொண்டிருந்தான். நான்தான் இறக்கிவிட்டேன்.

அவள் அன்றே எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருப்பாள். ஆனால் அதற்குள் வேன் வந்துவிட்டது. பால் போல வெள்ளை. நெற்றியில் சிவப்பு ரிப்பன். கதவுகளை ஒட்டுத்தாள் போட்டு மூடி, எங்கள் கடைக்கு எதிரிலேயே நிறுத்தினார்கள்.

"எடை குறைஞ்சா வண்டி உங்களுது. குறையலன்னா ஓட்டிட்டுப் போயிடுவோம். அதுவரைக்கும் இங்கயே நிக்கட்டும், ஜனங்க பாக்கட்டும்," என்றார் தாடிக்காரர்.

அத்தான் வேனைத் தொடவில்லை. தொட்டால் காணாமல் போய்விடும் என்பது போலக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, குடிச்சுத் தொலைக்கறேன்," என்றாள்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. தூளைக் குடித்துவிட்டு, "குளத்துப் பாசியைக் கலக்கிக் குடுத்திருக்கானுங்கடா" என்று துப்புவாள். போகப்போகச் சிரிப்பு நின்றது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. நாள் முழுக்கக் கறிக்கு நடுவில் நின்று, வாயில் ஊறும் எச்சிலை விழுங்கிக்கொண்டு வெட்டினாள். யாராவது ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாள். கொழுப்பு அதிகமாகப் போட்டுவிட்டாய் என்று சொன்ன வாடிக்கைக்காரரின் மூஞ்சியில் அந்தக் கொழுப்பையே விட்டெறிந்தாள். ஒருநாள் தராசைத் தூக்கித் தெருவில் அடித்தாள். பசி அவளுக்குள் வேறொரு ஆளாக உட்கார்ந்துகொண்டு அவள் கைகளை ஆட்டிவைத்தது.

வீட்டில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்த நேரம். அக்கா ஒரு முட்டையை அவித்து, தோலுரித்து, முழுசாக வாயில் போட்டாள். அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே நுழைந்தார். பாய்ந்து வந்து அவள் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். குழந்தை விழுங்கிய காசை எடுப்பது போல. அக்கா அந்த விரலைக் கடித்தாள். அவர் அலறினார். அடுத்த நொடி அவள் முழங்கை அவர் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று தரையில் தெறித்தது. இருவரும் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, அவள் வாயிலிருந்து விழுந்து மிதிபட்ட முட்டையையும் தரையிலிருந்து துடைத்தெடுத்தார்.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றிச் சங்கிலி வந்தது. சாவி அத்தானின் கழுத்தில் தொங்கியது.

"என்ன அத்தான் இது, அவ என்ன திருடியா?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் மாப்ள. அவளுக்காகவும்தான செய்யறேன்," என்றார். பல் போன இடத்தில் காற்று சீறியது.

கடையில் கூட்டம் மொய்த்த ஒரு காலையில் அது நடந்தது. அக்கா தொடை எலும்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தி ஓங்கிய நிலையிலேயே அவள் கண் செருகியதைப் பார்த்தேன். கத்தி இறங்கியது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. எலும்பை வெட்டும் அதே சத்தம்தான். அவள் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரக்கட்டையில் கறித்துண்டுகளோடு கிடந்தன.

வரிசையில் நின்ற ஒரு பெண் வீறிட்டாள். அக்கா தன் கையை யாருடையதோ போலத் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், கறியோட கட்டிக் குடுத்துடப் போற. எடுத்து வை," என்று சொல்லிவிட்டுச் சரிந்தாள்.

கறிக்குள் கைவிட்டுத் தேடினேன். எது ஆடு, எது அக்கா என்று அடையாளம் தெரியவில்லை. நகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஐஸில் போட்டு மருத்துவமனைக்கு ஓடியும் பிரயோசனமில்லை. தைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"விரல விடுங்க," என்றார் மருத்துவமனை டாக்டரம்மா. "ரத்தத்துல இருக்க வேண்டிய உப்பெல்லாம் தாறுமாறா இறங்கியிருக்கு. இதயம் இஷ்டத்துக்குத் துடிக்குது. இதே மாதிரி பட்டினி கிடந்தா ஒருநாள் நின்னுடும். யார் இவங்கள இப்படிப் பட்டினி போட்டது?"

அத்தான் கழுத்தில் தொங்கிய சாவியைச் சட்டைக்குள் தள்ளினார்.

சாயங்காலமே தாடிக்காரர் கேமராவோடு வந்துவிட்டார். கட்டிலோரத்து எடைக் குறிப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் துளியூண்டுதான்! நடுவுல விட்டுடாதீங்க. கட்டுப் போட்ட கைய நெஞ்சுல வெச்சுக்கங்க, நல்லா இருக்கும்," என்றார்.

கேமராவின் முக்காலியைப் பிடுங்கி அவர் தோளில் ஒன்று போட்டேன். அவர் மருந்து வண்டியின் மேல் விழுந்தார். பாட்டில்கள் சிதறின. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அத்தான் குறுக்கே பாய்ந்தார். அது அவர் முதுகில் விழுந்தது.

"வேணாம் மாப்ள, விட்டுடு! வண்டி போயிடும்டா! வண்டி போயிடும்!"

கட்டிலில் கிடந்தவளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவமனைக் காவலாளிகள் என்னை வெளியே இழுத்துப்போனார்கள். போட்டி நின்றுவிடக்கூடாது என்று தாடிக்காரர் புகார் கொடுக்கவில்லை.

இதற்குப் பிறகும் அவள் எடை பார்க்கும் கடைசிச் சுற்றுக்குப் போவாள் என்று நான் நினைக்கவில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"விரல் போச்சு. வேனும் போச்சுன்னா, நான் எதுக்குடா இவ்ளோ பட்டேன்?" என்று கேட்டாள்.

படப்பிடிப்பு அரங்கில் அவளுக்குத் துணையாக நான்தான் போனேன். ஒப்பனை அறையில், கண்ணாடிக்கு முன்னால் அந்த நடிகை உட்கார்ந்திருந்தாள். தலையில் இருந்த நீள முடியைத் தொப்பி போலக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அடியில் திட்டுத் திட்டாக வழுக்கை.

அக்கா தன் தலைத்துணியை விலக்கிக் காட்டினாள். "எனக்கும் அந்தத் தூளாலதாம்மா."

"அதை நான் குடிச்சதே இல்லக்கா," என்றாள் நடிகை மெதுவாக. "எனக்கு இளைக்கறதுக்கு ஊசி போடறாங்க. ஏதாவது சாப்ட்டா வாந்தியா வருது."

"அப்பறம் ஏன் டிவியில வந்து அப்படிப் பேசற?"

"நீங்க ஏன்கா இங்க வந்தீங்க?"

நடிகை முடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அக்கா ஜெயித்தாள். எடை எந்திரத்தில் எண் தெரிந்ததும் மேலேயிருந்து காகிதப் பூக்கள் கொட்டின. அக்கா அப்படியே மடிந்து விழுந்தாள். சந்தோஷத்தில் விழுந்துவிட்டாள் என்று நினைத்து அரங்கமே எழுந்து கைதட்டியது.

வேன் எங்களுக்கு வந்தது என்றுதான் நினைத்தோம். சாவி கொடுக்கும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு வண்டி சேனல் பெயரில்தான் இருக்கும். மாதாமாதம் வந்து எடை பார்ப்பார்கள். ஏறியிருந்தால் வண்டி திரும்பிப் போகும். வண்டியின் இரண்டு பக்கமும் அக்காவின் படம் இருக்கும், ஆடு சுமக்கும் டேங்கர் ஒரு பக்கம், எலும்பும் தோலுமானவள் இன்னொரு பக்கம். அதைக் கிழிக்கக்கூடாது. அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். குளிர்சாதனப் பெட்டியின் சங்கிலி கழலவில்லை. அவர் அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றிப் போனபோது, அந்தப் பிள்ளைகள் தெருமுனை வரை பிளிறிக்கொண்டே போனார்கள்.

முதல் எடை பார்க்கும் நாள் வந்தது. நல்ல உச்சி வெயில், சந்தை நிரம்பி வழிந்தது. எந்திரத்தைக் கடை வாசலிலேயே வைத்தார் தாடிக்காரர். அக்கா ஏறி நின்றாள். டாக்டரம்மா சொன்னபடி நான்தான் கடையில் வைத்து அவளுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்துவந்தேன். எண் கூடியிருந்தது.

தாடிக்காரர் உச்சுக்கொட்டினார்.

அத்தான் அக்காவின் கன்னத்தில் பளாரென்று அறைந்தார். அத்தனை பேர் முன்னால். அந்தக் கை அதுவரை அவளை அடித்ததில்லை. "தின்னுட்டியா? என் வண்டிய தின்னுட்டியாடி?" என்று கத்தினார்.

அக்கா அமைதியாக எந்திரத்திலிருந்து இறங்கினாள். கடைக்குள் போனாள். எலும்பு வெட்டும் கத்தியோடு வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்த அத்தான் ஓடிப்போய் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் முதலில் பக்கவாட்டில் இருந்த தன் படத்தை வெட்டினாள். தகரம் கிழிந்த சத்தத்தில் பல் கூசியது. பிறகு முன்னால் வந்து கண்ணாடியில் ஓங்கிப் போட்டாள். இரண்டாவது வெட்டில் கண்ணாடி உள்ளே கொட்டியது. அத்தான் ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வண்டியை எடுத்தார். பின்னால் எடுக்க நினைத்தாரோ என்னவோ, வேன் முன்னால் பாய்ந்தது. அக்காவை இடுப்போடு தூக்கிக் கடைச் சுவரில் அடித்து, பின்னால் உருண்டு நின்றது.

நான் அவரை உடைந்த கண்ணாடி வழியாகவே வெளியே இழுத்தேன். அடித்தேன். கை வலித்ததும் காலால் மிதித்தேன். விலா எலும்பு முறிந்ததைக் காலில் உணர்ந்தேன். நிறுத்தத் தோன்றவில்லை. சந்தையே சுற்றி நின்று பார்த்தது. தாடிக்காரரின் ஆள் கேமராவை இறக்கவே இல்லை.

ஏதோ என் காலைப் பிடித்தது. அக்கா. தரையில் ஊர்ந்தே வந்திருந்தாள். மூன்று விரல் கையால் என் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"போதும்டா. செத்துடப்போறான். விடு."

சேனல் அந்தச் சண்டையை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் போட்டது. நிகழ்ச்சி அமோகமாக ஓடியது. உடைந்த வேனை அவர்களே எடுத்துப்போனார்கள், வேறொரு ஊரில் வேறொருவர் வாசலில் புது வேன் நின்றது. வழக்கு நடந்தது. அக்கா யார் மேலும் புகார் சொல்லவில்லை. அத்தானை அடித்ததற்காக நான் கொஞ்ச காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தேன். அக்காவின் இடுப்பு ஒட்டியது, ஆனால் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். இதயத்துக்கு மாத்திரை போடுகிறாள். சாப்பிடுகிறாள். அத்தானின் வலது கண்ணைக் கண்ணாடித் துண்டு கொண்டுபோய்விட்டது. இனி எந்த வண்டியும் ஓட்ட முடியாது. ஒரு கொட்டகையில் வண்டி கழுவுகிறார், அங்கேயே படுத்துக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு மதியம் அவர் தெருவின் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். கடையைப் பார்த்தார், உள்ளே வரவில்லை. நான் பார்க்காதது போல எலும்பு நீக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"வந்து உக்காரு," என்று கூப்பிட்டாள்.

அவர் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அவள் தனக்கு வைத்திருந்த சாப்பாட்டைப் பாதி எடுத்து ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "முதல்ல சாப்பிடு," என்றாள். அவர் குனிந்து சாப்பிட்டார். நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது.

அவர் போன பிறகு கேட்டேன். "மன்னிச்சிட்டியாக்கா?"

"இல்லடா," என்றாள். "அவன் நாளைக்கும் வருவான். கூடக் கொஞ்சம் சமைச்சு எடுத்துட்டு வா."