குழாயைத் திருப்பியது யார்?

என் நாத்தனாரிடம் நான் ஒன்று சொன்னால் ஒன்பது திரும்பி வரும். வீட்டில் போதாதென்று ஆராய்ச்சிக்கூடத்திலும் அவளோடுதான் மாரடிக்க வேண்டியிருந்தது. நான் ரயில் அச்சுக்குப் புது எஃகுக் கலவை செய்கிறவள். அவள் அதை உலுக்கி உடைத்துப் பார்க்கிறவள். அவளுடைய இயந்திரம் நொடிக்கு இருபதாயிரம் தடவை உலுக்கும். ஆயுளெல்லாம் ஓடி ஓர் அச்சு படும் பாட்டை இரண்டொரு நாளில் பட வைத்துவிடும்.

அன்று அதில் மாட்டியது எனக்குக் கடைசி வாய்ப்பான துண்டு. தாங்கினால் கலவை பிழைக்கும். உடைந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். கலவை செய்தவர் சோதனை அறைக்குள் போகக் கூடாது என்பது விதி. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. காய்ச்சலோடு போய் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். துண்டு சூடேறாமல் இருக்கக் குளிர்காற்று ஊதும் குழாய் என் மேலும் ஊதியது. நான் நடுங்குவதைப் பார்த்து, "ஜன்னி வந்துதான் அடங்குவீங்களா அண்ணி?" என்று திட்டிக்கொண்டே அவள் அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். நான் கிளம்பும்போது அதை நேராக்க இருவருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் முறிந்த துண்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். முறிந்த இடம் நீலம் பாய்ந்திருந்தது. உலுக்கலில் சோர்ந்து உடைந்த எஃகுக்கு அந்த நிறம் வராது. சூட்டில் வெந்து உடைந்திருக்கிறது. குழாய் ஞாபகம் வந்தது. சொன்னால் கலவை பிழைக்கும், ஆனால் அவளுக்கு வரவிருந்த சோதனைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு போய்விடும். துண்டைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டேன்.

அவளும் நீலத்தைப் பார்த்தாள். விறுவிறுவென்று போய் மேலாளரையே அழைத்து வந்துவிட்டாள்.

"இந்தச் சோதனை செல்லாது சார். காத்துக் குழாய நான்தான் திருப்பி வச்சேன்."

"ஏம்மா?"

"எனக்குக் குளிருச்சு."

அடிப்பாவி! நான் விதியை மீறியது வெளியே தெரியாமலிருக்க, கண் இமைக்காமல் புளுகுகிறாள்.

"பொய் சார். குளிருல நடுங்கினது நான். உள்ள வந்து உக்காந்திருந்தேன்."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புதுசா ஒரு துண்டு செஞ்சு குடுங்க. வேற ஆள் ஓட்டட்டும்," என்றார் என்னிடம். பிறகு அவளிடம், "தலைமைப் பொறுப்பு இப்போதைக்கு இல்லம்மா," என்றார்.

அவர் போனதும் அவள் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எனக்கு எப்படியும் போகப் போகுதுன்னு தெரியும். உங்களையாவது காப்பாத்தலாம்னு பாத்தா, விட்டீங்களா அண்ணி?"