சுராயா வரைந்த காவிரிப் பாலம்

ஒரு மாதமாகவே சுராயா ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. அவள் திருச்சி பாலக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியின் டிராயிங் டீச்சர். பள்ளிக்கு வந்த பழைய பத்திரிகை ஒன்றில், பிரான்ஸ் தேசத்து ஓவியர் மோனேயின் புகழ்பெற்ற படம் அச்சாகியிருந்தது. துறைமுகத்தில் விடிகிற நேரம்; நீல மூட்டத்துக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன். கோடென்று ஒன்று கிடையாது, எல்லாம் தூரிகைத் தீற்றல்தான்.

"நம்ம காவிரியில விடியுறதை இப்படிப் போடணுங்க," என்று கணவனைப் பிடித்து உலுக்கினாள். ஜெகபர் சாதிக் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். "போட்டுட்டாப் போச்சு," என்றவன், அடுத்த ஞாயிறே விடியுமுன் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு, படம் வரையும் ஸ்டாண்டைத் தோளில் சுமந்துகொண்டு அவளோடு காவிரிக்கரை ஓடத்துறைக்கு வந்துவிட்டான்.

அது 1965 செப்டம்பர். ஆற்றில் நிறையத் தண்ணீர். ரயில் பாலத்துக்கு மேலே வெளிச்சம் கசியத் தொடங்கியதும் சுராயாவின் கை பறந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறியது ஆறு. ஆரஞ்சை அள்ளித் தண்ணீர் மேல் இழுத்தாள். எண்ணெய்ச் சாயம் காயுமுன்பே பாலத்தின் தூண்களை நீலத்தில் தொட்டுத் தொட்டு வைத்தாள். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"யாரும்மா அது, பாலத்தைப் படம் போடுறது?"

பாலத்துக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ரோசரி இறங்கி வந்தார். "பாகிஸ்தானோட சண்டை நடக்குற நேரம். பாலத்தை போட்டோ எடுக்கக் கூடாது, வரையவும் கூடாதுன்னு ஆர்டர்."

சாதிக்குக்கு வியர்த்துவிட்டது. ரோசரி மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "இதுல பாலம் எங்கம்மா இருக்கு? சாயத்தைக் கொட்டி வச்ச மாதிரில்ல இருக்கு!"

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். சுராயாவுக்குப் பொறுக்கவில்லை.

"பத்தடி தள்ளி நின்னு பாருங்க சார்!"

அவர் பின்னால் நடந்தார். ஆறடி, எட்டடி. சட்டென்று நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அட மாதாவே! பாலம்! தண்ணி அசையுதும்மா!"

"தெரியுதா? நிஜமாவே தெரியுதா?" சுராயா துள்ளினாள்.

"நல்லாத் தெரியுது. அதனால ஸ்டேஷனுக்கு வந்துதான் ஆகணும்."

சப்-இன்ஸ்பெக்டரின் அறையில் மேஜையும் பீரோவும் போக ஆள் திரும்ப இடமில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஆராய்ந்தார்.

"பாலம் எங்கய்யா?"

"பத்தடி பின்னால போய்ப் பாருங்க சார்," என்றார் ரோசரி.

இரண்டடி வைத்ததுமே சப்-இன்ஸ்பெக்டரின் முதுகு பீரோவில் முட்டியது. "உனக்குத் தூக்கம் பத்தலைய்யா. ஒரு பாலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டீச்சரை அனுப்பிவை."

சுராயா வாய் திறக்குமுன் சாதிக் அவள் முழங்கையை அழுத்திப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். வாசல் வரை வந்த ரோசரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சண்டை ஓயட்டும் டீச்சரம்மா. படத்தை எங்க மாட்டினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்து காட்டணும்."

ஈரப் படத்தை இரு கையிலும் ஏந்தியபடி, கிட்டத்தட்ட ஓடினாள் சுராயா. ஸ்டாண்டோடு பின்னால் ஓடிவந்த கணவனிடம் திரும்பிக் கத்தினாள்:

"அடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கம் போறோம்! அம்மா மண்டபத்துப் படித்துறையைப் போடக் கூடாதுன்னு ஆர்டர் ஒண்ணும் இல்லையேங்க!"