மதிலுக்கு உள்ளே ஒரு தடம்

மியூரியல் ரெய்ஸ்ட்ரிக் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். அதே அதட்டலோடுதான் இப்போது பறவை பார்க்க வருகிறவர்களையும் மேய்த்தாள். "மதிலத் தாண்டி ஒரு கால் வைக்கக் கூடாது. நீ நடந்த வழியிலயே நரி வரும்." இதை அவள் சொல்லிக் கேட்காதவர் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

ஒரு காலத்தில் வயலுக்கு வயல் கூவிய கர்லூ பறவை இப்போது ஒரே ஒரு ஜோடிதான். கீழே வளைந்த நீண்ட அலகும் நெஞ்சைப் பிசையும் குரலுமாக, அவை கிளிஃபோர்டு ஆல்டர்சனின் புல்வயலில் கூடு வைத்திருந்தன. நான்கு வருஷமாக ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. இந்த வருஷமாவது தேற வேண்டும் என்று மியூரியல் தினமும் கல்மதிலுக்கு வெளியே நின்று, தொலைநோக்கியில் கண் வைத்துக் காவல் காத்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளிஃபோர்டு டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தான்.

"என்ன தாயே, உன் மகாராணி முட்டைய விட்டு எந்திரிச்சாளா இல்லையா? வியாழக்கிழமை மழைங்கிறான். நாளைக்கு அறுக்கலேன்னா என் புல்லு அம்புட்டும் போச்சு."

"இன்னும் நாலே நாள், கிளிஃப். நாள் கணக்குப்படி பொரிக்கிற நேரம்தான்."

"குளிர்காலத்துல என் மாடுங்க உன் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும், பாத்துக்க."

"வரட்டும். டீ போட்டுக் குடுக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. வயலை ஒரு தடவை பார்த்தான். "சரி, சனிக்கிழமை வரைக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அத்தோடு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் புல் வளர்ந்து கூட்டை மறைத்திருந்தது. பாழாய்ப்போன நான்கு வருஷ ஏக்கம் மனுஷியைச் சும்மா விடுமா? தாய்ப்பறவை எழுந்து பறந்த நேரம் பார்த்து, ஒரே ஒரு தடவைதானே என்று மதிலேறிக் குதித்தாள். நேராக நாற்பது அடி நடந்தாள். நான்கு முட்டைகள். ஒன்றில் மயிரிழைக் கீறல். குனிந்து காதை வைத்தாள். ஓட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்றது. அறுபத்தெட்டு வயதுக்காரி புல்லில் முழங்காலிட்டு அழுதாள்.

மறுநாள் காலை தொலைநோக்கி தேவைப்படவில்லை. மதிலிலிருந்து கூடு வரைக்கும் அவள் நடந்த தடத்தில் புல் கோடு போட்டதுபோல் படுத்துக் கிடந்தது. அதன் நடுவே நரி விட்டை. அதன் வழியே போய்ப் பார்த்தால், கூட்டில் ஓட்டுத் துணுக்குகள் மட்டும். தாய்ப்பறவை மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் கிளிஃபோர்டு அன்றைக்கே அறுத்திருப்பான். அவளுக்கு வாய் வரவில்லை. வியாழன் அன்று மழை கொட்டியது. வெள்ளியும் விடவில்லை. சனிக்கிழமை கிளிஃபோர்டு அழுகத் தொடங்கிய புல்லைக் கையில் பிடித்தபடி வயலின் வாயிற்கதவருகே நின்றான்.

"குஞ்சு வந்துச்சா?"

"நரி தின்னுடுச்சு." அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "நான்தான் வழி காட்டுனேன், கிளிஃப். உள்ள போனேன். புதன்கிழமையே தெரியும். உங்கிட்ட சொல்ல தைரியம் வரல."

அவன் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டான். மழைநீர் தொப்பி விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன் பேச்சக் கேட்டு நான் வண்டிய நிறுத்துனேன், மியூரியல்," என்றான். "உனக்கு உன் கால நிறுத்தத் தெரியலயே."

அவன் போய், மழையும் விட்ட பிறகு, பறவைச் சங்கத்துக்கு அனுப்பும் கூடு பற்றிய படிவத்தை அவள் மதில்மேல் விரித்தாள். 'அழிவுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே 'நரி' என்று எழுதியிருந்தாள். அதை அடித்தாள். தன் பெயரை முழுதாக எழுதினாள்.