அயர்லாந்துக்கு ஓர் ஆள்

ஸ்டோவ்லிங் ஊரில் கான்ஸ்டபிள் வேலை ஈஸ்டருக்கு ஈஸ்டர் வீட்டுமுறையாக மாறி வரும். அந்த ஈஸ்டருக்கு முறை வினிஃப்ரெட்டின் வீட்டுக்கு வந்தது. அவள் புருஷன் குளிர்காலத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டான். தேவாலய நிர்வாகி ஓஸ்பர்ட் கெட்ஜ் வாசலில் வந்து நின்றார்.

“முறை ஆளுக்கு இல்லம்மா, வீட்டுக்குத்தான். வேணும்னா உனக்குப் பதிலா ஒருத்தனை வெச்சுக்கோ.”

பதிலுக்கு நிற்க ஒருவனும் வரவில்லை. முன்பெல்லாம் திருடனைப் பிடித்து நீதிபதியிடம் விட்டால் வேலை முடிந்தது. இப்போது மகாராணி மாவட்டப் படைக்கென்று ஒரு பிரபுவை வைத்திருந்தார். பிரபுவுக்குக் கீழே துணை அதிகாரிகள், அவர்களுக்குக் கீழே தளபதிகள், எல்லாருக்கும் அடியில் ஊர்க் கான்ஸ்டபிள். ஊர் ஈட்டிகளில் துரு ஏறக்கூடாது, கவசங்களுக்கு வார் அறுந்திருக்கக்கூடாது, எதிரி வந்தால் குன்றின்மேல் மூட்டும் எச்சரிக்கைத் தீக்குக் காவல் தப்பக்கூடாது. இவ்வளவுக்கும் அலைந்துவிட்டு வந்துதான் வினிஃப்ரெட் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள்.

அறுப்பு நெருங்கும்போது கட்டளை வந்தது. அயர்லாந்துச் சண்டைக்கு ஊரிலிருந்து ஓர் ஆள் வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரே அவளைச் சுற்றிக்கொண்டது. ஆளாளுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். ஓஸ்பர்ட்தான் அவளைத் தனியே அழைத்தார்.

“எதுக்கும்மா மண்டையை உடைச்சுக்கிற? ரோட்டுல எவனாவது நாடோடி வருவான். பிடிச்சு அனுப்பிவிடு. யார் கேக்கப் போறாங்க?”

இரண்டு நாளில் ஒருவன் வரவும் செய்தான். வினிஃப்ரெட் அவனைச் சந்தை ஊருக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்த தளபதி அவன் செருப்பைக் கழற்றச் சொன்னார். வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய பாதம்.

“ஏம்மா, உங்க ஊர்ல முழுசா ஒரு ஆம்பளை கிடையாதா? ஊர்க்காரனா கொண்டு வா. ரெண்டு காலோட.”

திரும்பும் வழியில் பாலத்தருகே உட்கார்ந்து, இருந்த ரொட்டியைப் பாதி பிட்டு அவனுக்குக் கொடுத்தாள். சட்டப்படி நாடோடியைச் சவுக்கால் அடித்துத்தான் ஊரைவிட்டு விரட்ட வேண்டும். அவளுக்குக் கை எழவில்லை.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற ஊர் எல்லை. சீக்கிரம் நடையைக் கட்டு.”

“சீக்கிரம் நடக்க முடிஞ்சா நான் ஏன் திரும்பி வரேன், இந்நேரம் அயர்லாந்துக்குப் போயிருப்பேனே” என்றான் அவன், மென்றுகொண்டே.

அவள் நேரே ஓஸ்பர்ட் வீட்டுக்குப் போனாள். அவருக்கு நான்கு பிள்ளைகள். இரண்டாமவன் மைல்ஸ் கல்யாணமாகாதவன். ஊர்ப் பயிற்சியில் அவனைப்போல் ஈட்டி பிடிக்க ஆளில்லை.

“மைல்ஸை அனுப்புங்க ஐயா.”

“என் பிள்ளையையா?”

“மத்த வீட்டுல ஒண்ணு, ரெண்டுதான் இருக்கு. உங்க வீட்டுல நாலு. வேற எப்படிக் கணக்குப் பார்க்கிறது, நீங்களே சொல்லுங்க.”

ஓஸ்பர்ட் சந்தை ஊருக்குப் போகக் குதிரைக்குச் சேணம் போடச் சொன்னார்.

மறுநாள் தளபதியின் சிப்பாய் வந்தான். மைல்ஸுக்கு நெஞ்சில் இருமலாம், அவனை விட்டாயிற்றாம். வினிஃப்ரெட்டின் உழவாள் ஜெர்வாஸைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. நீதிபதியிடம் முறையிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நீதிபதியும் துணை அதிகாரியும் ஒரே மனிதர்தான்.

ஜெர்வாஸ் களத்தில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதும் அதைக் கீழே வைத்தான்.

“யார் கூட்டிட்டுப் போறதும்மா?”

“நான்தான். கான்ஸ்டபிள்தானே கொண்டு விடணும்.”

“அப்போ வழியில பேச்சுத் துணை இருக்கு” என்று எழுந்தான்.

சந்தை ஊரில் அவனுக்கு ஒரு படைக் கோட்டு கொடுத்தார்கள். தோள் அவனுக்குப் பெரிது. “கிழக்கு வயலை முதல்ல அறுத்துடுங்கம்மா, கதிர் சாயுது” என்றான். தலையை ஆட்டினாள். வரிசை நகர்ந்தது.

திரும்பி வரும்போது ஓஸ்பர்ட்டின் வயலில் மைல்ஸ் பார்லி அறுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

“இருமல் தேவலையா?” என்றாள்.

அவன் தலை குனிந்தது. “அப்பா செஞ்சது. நாளைக்கு உங்க வயலுக்கு வரேன் அத்தை. வீட்டுல தெரிய வேண்டாம்.”

கோபப்படக்கூட அவள் உடம்பில் தெம்பில்லை.

“விடியறதுக்குள்ள வா. கிழக்கு வயல்” என்று சொல்லிவிட்டு, குன்றின்மேல் காவலுக்கு ஆள் போயிருக்கிறானா என்று பார்க்க மேட்டுப் பாதையில் திரும்பினாள். அடுத்த ஈஸ்டர் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.